நான் எண்ணுவது கவுதாரியை

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடிக்கும்போது படித்தால் போதும், அவசரமில்லை.

போன வாரம் பத்தாம் வகுப்பு குரூப்பில் ஒருவன் கேட்டிருந்தான்: "சார், விடியறதுக்கு முன்னாடியே நோட்டும் கையுமா மேட்டுக்காட்டுப் பக்கம் நிக்கிறீங்களாமே, என்ன சார் விஷயம்?" நான் நிலம் அளக்கிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு. சோலார்காரர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கிறேன் என்று இன்னொரு பேச்சு. அது அண்ணன் பிள்ளைகள் காதுவரை போய், "சித்தப்பா, நம்ம காட்டை யார்கிட்டயாவது பேசிட்டீகளா?" என்று சென்னையிலிருந்து போனே வந்துவிட்டது. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன். நான் எண்ணுவது கவுதாரியை.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

கவுதாரி உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பறவைதான். சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில், காலையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் வந்தவர்கள் அதன் சத்தம் கேட்காமல் வந்திருக்க முடியாது. கோழியைவிடச் சின்னது. காய்ந்த புல்லும் மண்ணும் கலந்த நிறம். பக்கத்தில் போனாலும் பறக்காது, குனிந்து ஓடும். காலடியில் மாட்டிக்கொண்ட பிறகுதான் 'புர்ர்' என்று எழும்பி, கொஞ்ச தூரத்தில் போய் இறங்கி மறுபடி ஓடும். இதற்கு வைத்த அறிவியல் பெயரில் பாண்டிச்சேரி இருக்கிறது, போண்டிசெரியானஸ் என்று. நம் ஊர்ப் பறவைதான், சந்தேகமே வேண்டாம்.

இப்படி ஒளிந்து ஓடுகிற ஒன்றை எப்படி எண்ணுவது? வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி வரிசையில் நிறுத்தி எண்ண முடியாது. இந்தக் கேள்விதான் ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

குளிர் நாடுகளில் கிரவுஸ் என்று ஒரு பறவை. கோழி, கவுதாரி, மயில் எல்லாம் இருக்கிற அதே பெரிய குடும்பத்தில் அதுவும் ஒன்று, தூரத்துச் சொந்தம். அதை அங்கே வேட்டையாட அனுமதி உண்டு. அதனால் இந்த வருடம் எத்தனை சுடலாம் என்று முடிவெடுக்க, எத்தனை இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சாப்பிடுகிறவன்தான் நன்றாக எண்ணுவான் போலிருக்கிறது. ஒரு பறவைக்கு எத்தனை வழி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அமெரிக்காவில் சேஜ் கிரவுஸ் என்று ஒரு வகை. வசந்த காலத்தில் ஆண் பறவைகள் எல்லாம் விடியற்காலை ஒரே திடலில் கூடி, மார்பை உப்பிக்கொண்டு ஆடும். வருடா வருடம் அதே திடல்தான். தூரத்தில் நின்று ஆண்களை எண்ணுவார்கள். ஒரு நாள் எண்ணினால் போதாது. சில வாரங்களில் பல காலை எண்ணி, அதில் அதிகமாக வந்த எண்ணை எடுத்துக்கொள்வார்கள். இன்னொரு வகைக் கிரவுஸ் விழுந்த மரத்தின் மேல் நின்று சிறகால் காற்றை அடித்துத் தவில் மாதிரி சத்தம் எழுப்பும். மினசோட்டா மாநிலத்தில் அதற்கென்று குறித்த சாலையில் வண்டியில் போய், பத்து இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் நான்கு நிமிடம் காது கொடுத்து, எத்தனை தவில் கேட்டது என்று எழுதுகிறார்கள். பின்லாந்தில் காட்டுக்குள் முக்கோணம் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு 4 கிலோமீட்டர், மொத்தம் 12. மூன்று பேர் பக்கவாட்டில் வரிசையாக நடந்து, 60 மீட்டர் அகலத்தில் எழும்புகிற பறவைகளை எல்லாம் எண்ணுவார்கள். முக்கோணம் ஏன் என்று கேட்டால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். கணக்கு வாத்தியாருக்கு இது போதாதா, படித்துவிட்டு அன்று முழுக்க ஒரே சந்தோஷம்.

ஸ்காட்லாந்தில் நாயை வைத்து எண்ணுகிறார்கள். மோப்பம் பிடித்ததும் நாய் அப்படியே உறைந்து நிற்கும், பின்னால் வருகிறவர் எண்ணிக்கொள்வார். நமக்கும் ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பெயர்பெற்ற நாய்கள் இருக்கின்றன. ஆனால் சிப்பிப்பாறையை அவிழ்த்துவிட்டுக் கவுதாரி எண்ணப் போனால், எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அது வேறு படிப்பு படித்த நாய்.

நம் பக்கத்துக் கல்கவுதாரி கதை தனி. பெயரில் கவுதாரி இருக்கிறதே தவிர, அது கவுதாரி இனமே இல்லை. புறாவுக்குத்தான் நெருக்கம். ஆங்கிலத்திலும் அதற்கு சாண்ட்கிரவுஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறார்கள். வறண்ட நிலத்தில் விதையைத் தின்று வாழ்வதால் தண்ணீர் குடிக்காமல் அதற்கு முடியாது. வெயில் ஏற ஆரம்பித்ததும் கூட்டமாகக் கண்மாய்க்கோ ஊருணிக்கோ வரும். ஆண் பறவை தன் வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். கோடையில் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருக்கிற இடம் ஒன்றிரண்டுதான். அங்கே மறைவாக உட்கார்ந்தால் போதும், எண்ணிவிடலாம். ஆனால் கோடை மழை பெய்து பள்ளம் படுகையெல்லாம் தண்ணீர் நின்றால், கண்மாய்க்கு வருகிற எண்ணிக்கை விழுந்துவிடும். பறவை குறையவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது. மழைக் கணக்கைப் பக்கத்தில் எழுதாமல் பறவைக் கணக்கை மட்டும் எழுதினால் ஏமாந்துபோவோம்.

இப்போது உங்களில் பலர் முப்பது வருடமாக என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "சார், இந்த சைன் தீட்டா எங்க சார் உதவும்?"

இங்கே உதவும். காட்டில் ஒரு நேர்கோட்டில் நடக்கிறீர்கள். 40 மீட்டர் தூரத்தில் ஒரு பறவை எழும்புகிறது. நீங்கள் நடக்கும் திசைக்கும் அந்தப் பறவைக்கும் நடுவே 30 டிகிரி. அப்படியானால் உங்கள் கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருந்தது? சைன் 30 அரை. 40-ல் பாதி 20 மீட்டர். இதைத்தான் எழுத வேண்டும்.

எதற்கு இந்தத் தூரம்? பேச்சுக்கு ஒரு கணக்கு. பல நாள் நடந்து, கோட்டிலிருந்து 10 மீட்டருக்குள் 12 பறவை, 10 முதல் 20-க்குள் 8, 20 முதல் 30-க்குள் 4 பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறவை உங்கள் கோட்டைப் பார்த்து உட்காரவில்லை. மூன்று பட்டையிலும் சமமாகத்தான் இருந்திருக்கும். தள்ளிப் போகப் போக உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஆக இருந்தது 36, பார்த்தது 24, தவறவிட்டது 12. பார்க்காத பறவையையும் எண்ணிவிட்டோம்! தொலைவு மாதிரி முறை என்று உலகம் முழுக்கச் செய்வது இதைத்தான், இன்னும் நுணுக்கமான வளைகோடுகளோடு.

ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. கோட்டின் மேலேயே இருக்கிற பறவையைத் தவறவிடக் கூடாது. நாம் வருவதற்கு முன்னாலேயே அது ஓடிவிடவும் கூடாது. கவுதாரிக்கு ஓடுவதுதான் தொழில். போதாக்குறைக்கு நம் காட்டில் நேர்கோட்டில் நடக்க சீமைக்கருவேல முள் விடாது. வண்டிப்பாதையில் நடந்தால் பாதையோரம் மேய வருகிற கவுதாரியைத்தான் எண்ணுவோம், உள்ளே இருப்பதை இல்லை. அதனால் இந்த முறையை விட்டுவிட்டு, மினசோட்டாக்காரர் மாதிரி காதை நம்பலாம் என்று முடிவு செய்தேன்.

கவுதாரி விடியற்காலையில் கத்தும். ஜோடியாகச் சேர்ந்து மாற்றி மாற்றிக் கத்தும். ஒன்று கத்தினால் பக்கத்து எல்லைக்காரன் பதில் கொடுப்பான். இதை வைத்துத்தான் அந்தக் காலத்தில் பிடித்தார்கள். பழக்கின கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டால், காட்டுக் கவுதாரி சண்டைக்கு வந்து கண்ணியில் மாட்டும். இப்போது அதையே போனில் சத்தத்தைப் பதிவு செய்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், தெரிந்துகொள்ளுங்கள். சில ஆராய்ச்சிகளிலும் சத்தத்தை ஒலிபரப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது உண்டு. நான் அதைச் செய்வதில்லை. முட்டை வைக்கிற நேரத்தில் இல்லாத எதிரியைக் காட்டி அதைப் பதற வைப்பானேன்.

என் முறை இவ்வளவுதான். ஊரைச் சுற்றி எட்டு இடம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது அரைக் கிலோமீட்டர். 2021-லிருந்து வருடா வருடம் மாசி, பங்குனியில் மூன்று காலை. ஆடியில் எண்ண முடியாது, நம் ஊர் ஆடிக்காற்றில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஒவ்வொரு இடத்திலும் போய் நின்று இரண்டு நிமிடம் சும்மா இருப்பேன், என் காலடிச் சத்தம் அடங்க. பிறகு ஐந்து நிமிடம். நோட்டில் ஒரு வட்டம், நடுவில் நான், சத்தம் வந்த திசையில் ஒரு அம்பு. ஒரே நேரத்தில் இரண்டு திசையில் கேட்டால் இரண்டு. ஒரே திசையில் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்றாகத்தான் எழுதுவேன். எட்டாவது இடத்துக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிடும், பறவை அடங்கிவிடும். அதனால் முதல் நாள் ஒன்றிலிருந்து எட்டு, மறுநாள் எட்டிலிருந்து ஒன்று, மூன்றாம் நாள் நடுவிலிருந்து.

ஐந்து நிமிடம் நின்று ஒன்றும் கேட்கவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதுவேன். இதுதான் ரொம்ப முக்கியம். நாம் பொதுவாகப் பார்த்ததைத்தான் எழுதுகிறோம், பார்க்காததை எழுதுவதில்லை. 'இந்த இடத்தில், இன்ன தேதியில், இவ்வளவு நேரம் நின்றேன், இல்லை' என்று எழுதினால்தான் பின்னால் வருகிறவன் ஒப்பிட முடியும். இல்லாவிட்டால் 'எங்க காலத்துல கூட்டம் கூட்டமாத் திரிஞ்சுச்சு' என்கிற கதை மட்டும்தான் மிஞ்சும். என் வயசுக்காரர்களிடம் இந்தக் கதைக்குப் பஞ்சமே இல்லை.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு, பட்டாசு. ஆலையில் சோதனை வெடி போட்டால் மயில் உடனே அகவும். இடி இடித்தாலும் அப்படித்தான். மயில் எண்ணுகிறவர் வெடிக்குப் பிறகு எண்ணினால் ஒரு கணக்கு, வெடிக்கு முன் எண்ணினால் ஒரு கணக்கு. கவுதாரி கொஞ்ச நேரம் அடங்கிப்போகிறது என்பது நான் பார்த்த வரையில். அதனால் வெடிச் சத்தம் கேட்டால் நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு ஐந்து நிமிடத்தை முதலிலிருந்து தொடங்குவேன். ஆலை வேன் எல்லாம் ஆள் ஏற்ற வருவதற்கு முன்பே முடித்துவிடவும் பார்ப்பேன்.

அந்த நேரம் அல்லாத நேரத்தில், அந்த அளவு இல்லாத அளவில் ஒரு சத்தம் வந்தால் நோட்டை மூடிவிடுவேன். எந்தத் திசை என்று பார்த்து, அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வரிசையாகப் போன் போடுவேன். நீங்கள் எடுத்து, "நல்லாருக்கேன் சார்" என்று சொல்கிற வரைக்கும் வேறு எதுவும் ஓடாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு முடியாது, நம் ஊர்க்காரர்களுக்கு எழுத வேண்டியதும் இல்லை.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று வெடிபொருள் விதி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஆலைக்குள்ளும் காலி நிலம் நிறைய. ஆடு மாடு நுழையாது, நாய் வேட்டை கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் கவுதாரி சாவகாசமாக மேய்வதை ஆலையில் வேலை பார்க்கும் மாணவிகள் இரண்டு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நாம் வெடி செய்கிற இடத்திலேயே கவுதாரிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இதை என்னவென்று சொல்வது!

"சார், மயில்தான் பெருகிருச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். உண்மைதான், மக்காச்சோளம் போட்டவர்களைக் கேட்டால் தெரியும். இந்தியப் பறவைகளின் நிலை என்று 2023-ல் வந்த அறிக்கையும் மயில் பெருகியிருக்கிறது என்றுதான் சொல்கிறது. அந்த அறிக்கை எப்படி உருவானது தெரியுமா? உங்களையும் என்னையும் போல 30,000 பேர் அனுப்பிய 3 கோடிக்கு மேற்பட்ட பதிவுகளிலிருந்து, 942 வகைப் பறவைகளைப் பார்த்திருக்கிறார்கள். இத்தனை மயில் என்று யாரும் எண்ணவில்லை. நூறு பட்டியல் வந்தால் அதில் எத்தனையில் மயில் இருக்கிறது என்று வருடா வருடம் ஒப்பிடுகிறார்கள். இதற்கும் முழுப் பட்டியல் வேண்டும். காக்கா, மைனாவை விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் எழுதினால் கணக்கு கெட்டுப்போகும். பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடம் மொட்டை மாடியில் நின்றாலே போதும். போன பொங்கலுக்கு உங்கள் அத்தை கோலம் போட்டுக்கொண்டே பதினோரு வகை சொன்னாள், நான் எழுதினேன். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் வனத்துறையே இருக்கிறது. 1988-ல் அணில் சரணாலயம், 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். அங்கே புலிக்கு வைத்த கேமராவில் காட்டுக்கோழியும் வந்து போகும். கரிசல் மேட்டுக்காட்டுக் கவுதாரிக்கு யாரும் கேமரா வைக்க மாட்டார்கள்.

சரி, என் நோட்டு என்ன சொல்கிறது? முதல் வருடம் எட்டில் ஏழு இடத்தில் குரல் கேட்டது. இந்த வருடம் நாலில். விட்டுப்போன மூன்றில் இரண்டு இப்போது பிளாட், கல் ஊன்றியாகிவிட்டது. ஒன்று ஓடைக்கரை, புதரெல்லாம் வழித்தெடுத்துச் சுத்தமாக இருக்கிறது. இதை வைத்து விருதுநகர் மாவட்டத்தில் கவுதாரி பாதியாகிவிட்டது என்று யாரும் ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். எட்டு இடத்தை வைத்து மாவட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. எட்டு இடத்தைப் பற்றித்தான் பேச முடியும்.

ஆனால் மிச்சமுள்ள நாலில் மூன்று, நம் குடும்பத்து மேட்டுக்காட்டையும் அதை ஒட்டியும்தான் இருக்கிறது.

அண்ணன் பிள்ளைகளே, இனி உங்களுக்கு. சித்திரை பிறந்ததும் ஜேசிபி விட்டுக் காட்டைச் சுத்தம் பண்ணுவதாகப் பேசியிருக்கிறீர்கள் என்று தெரியும். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலரை ஏக்கரும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வேரோடு எடுக்கச் சொன்னபோதே எடுத்திருக்க வேண்டும் என்று உங்கள் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். விற்பதா, உழுவதா என்பது உங்கள் உரிமை. என் பங்கும் அதில் கிடையாது, பாகப்பிரிவினையிலேயே முடிந்துவிட்டது.

நான் கேட்பது தேதியை. கவுதாரி முட்டை வைப்பது பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. புதருக்கு அடியில் தரையில் ஒரு சின்னப் பள்ளம், அதில் ஆறு, எட்டு முட்டை. ஜேசிபிக்காரருக்கு அது தெரியவே தெரியாது. (அவரும் என் மாணவர்தான், இந்தப் பதிவைப் படிப்பார்.) புரட்டாசிக் கடைசியில் விட்டால் குஞ்சுகள் பறந்திருக்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையும் முடிந்துவிடும். ஆறு மாதம் தள்ளினால் வாங்க வருகிறவர் விலையைக் குறைக்கிறார் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். கரிமூட்டம் போடுகிறவர் ஒருவர் மரத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார், வெட்டுக்கூலி மிச்சம். அவரும் புரட்டாசி என்றால் சம்மதம் என்கிறார். இன்னொன்று, எல்லாவற்றையும் வழித்துவிடாமல் ஓடைப் பக்கத்து வேலியை ஒட்டி இருபது அடி மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று பாருங்கள். ராத்திரி அது ஏறி அடைவது அங்கேயிருக்கிற முள்மரங்களில்தான். பெரியவன் நேற்றுப் போனில், "யோசிச்சுச் சொல்றேன் சித்தப்பா" என்றான். யோசிக்கட்டும்.

இந்த வருடம் இரண்டு காலை எண்ணியாகிவிட்டது, மூன்றாவது வருகிற ஞாயிறு. முட்டிவலி காரணமாக எட்டு இடத்தையும் நான் ஒருவனே சுற்றுவது சிரமமாக இருக்கிறது, நாலு பேர் வந்தால் ஆளுக்கு இரண்டு இடம் பிரித்துக்கொள்ளலாம். காது நன்றாகக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் தகுதி. கணக்கில் எத்தனை மார்க் வாங்கினீர்கள் என்று கேட்க மாட்டேன். சரியாக 5.30-க்குப் பிள்ளையார் கோவில் முன்னால். புல்லட் வைத்திருப்பவர்கள் பஸ் ஸ்டாப்பிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரவும். போன் சைலண்டில் இருக்கட்டும். இடத்தின் படமோ லொக்கேஷனோ எங்கேயும் போட வேண்டாம், கண்ணி வைக்கிறவர்களும் போன் பார்க்கிறார்கள். திரும்பி வரும்போது வீட்டில் கம்மங்கூழும் மோர்மிளகாயும் உண்டு. எத்தனை பேர் என்று சனிக்கிழமைக்குள் சொன்னால் உங்கள் அத்தைக்கு வசதி.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்